ஜாடித் தண்ணீர்

1951 ஆகஸ்ட் 6, திங்கள்

காலையில் சீஸ் துருவும்போது கட்டைவிரலைச் சீவிக்கொண்டேன். ரத்தம் பட்டிருந்தாலும் பிமென்டோ மிளகாயின் சிவப்போடு சிவப்பாகப் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியுமே. அந்தப் பக்கத்துத் துருவலை வழித்துப் பூனைக்குப் போட்டேன். பூனை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. அதற்கும் என்மேல் சந்தேகம்.

சாண்ட்விச்சுகளை மெழுகுத்தாளில் மடித்துப் பெட்டியில் அடுக்கி முடிக்கவும் ஹாய்ட் மாமா வரவும் சரியாக இருந்தது. பஞ்சு மில்லுக்குள் டோப் வண்டி தள்ளுகிறவர். பேர்தான் போதை மருந்தின் பேர், வண்டியில் இருப்பது சோடாவும் வறுத்த கடலையும் என் பிமென்டோ சீஸ் சாண்ட்விச்சும். நான் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிட்டுப் போவார். இன்றைக்குப் போகாமல் படியில் உட்கார்ந்தார். கால் வலியாம்.

"நெல்டா, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. வண்டிக்கு சாண்ட்விச் போடறதுக்கு வேற ஒரு அம்மாவப் பத்தி ஆபீஸ்ல பேச்சு அடிபடுது."

யார் என்று கேட்க வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"யாருன்னு கேக்காத. காதுல விழுந்தது அவ்வளவுதான். எனக்கு உன் கைதான் பிடிக்கும், ஆனா என் நாக்கை யாரு கேக்கறா?"

அவர் போனபின் கத்தியைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

வீடு மில்லுடையது. வீட்டிலிருந்து போதுமான ஆள் மில்லுக்குப் போனால்தான் வீடு. அம்மா இறந்தபின் அப்பா ஒருவர்தான் போகிறார். போன வருஷம் குடியிருப்பு மேனேஜர் ரூடிசில் வந்தார். "பொண்ணு வண்டிக்கு சாண்ட்விச் போடுதில்ல? அதையும் ஒரு ஆளா எழுதிக்கறேன் போ" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் இந்தச் சமையலறையில் நிற்கிறேன். சாண்ட்விச் கைவிட்டுப் போனால் நேராக நூற்பு அறை. அந்தப் பஞ்சுத் தூசி, அவ்வளவு பெண்கள், அவ்வளவு கண்கள். வகுப்பு முன்னால் எழுந்து நின்று வாசிக்க முடியாமல்தானே பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

அக்டோபரில் எனக்குப் பதினாறு.

ஆகஸ்ட் 8, புதன்

யார் அந்த அம்மா? இந்த லைன் வீடுகளில் பிமென்டோ சீஸ் செய்யாத வீடே கிடையாது. எந்த வீட்டை என்று நினைப்பது?

ஆகஸ்ட் 11, சனி

தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்கு ஜூலையில் வந்த மிஸ் ஐவா. புருஷன் இறந்து, மலைப்பக்கத்திலிருந்து இறங்கி, தறி ரிப்பேர் பார்க்கும் தம்பி டூயியோடு இருக்கிறாள். கீழ் உதட்டுக்குள் எப்போதும் மூக்குப்பொடி அடக்கியிருப்பாள், அதனால் எது சொன்னாலும் பாதி சிரிப்பது மாதிரியே இருக்கும். இன்றைக்குத் தட்டாமலே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் நீலக் கிண்ணம்.

"ஃபர்மனோட பொண்ணு நீதானே? நீ ஊமைன்னு டூயி சொன்னான். நான் சண்ட போட்டேன், ஊமை எப்படிடா சர்ச்சுல பாடும்னு. பாடுவியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"இந்தா. நான் செஞ்ச பிமென்டோ சீஸ். உன்னோடது மாதிரி வராது. எல்லாரும் உன்னோடதத்தான் பேசறாங்க. தின்னு பார்த்துட்டு என்ன கொறைன்னு சொல்லு."

அவள் போனதும் ரொட்டித் துண்டில் எடுத்து வாயில் வைத்தேன். சர்க்கரை! சர்க்கரை மட்டுமா, இனிப்பு ஊறுகாயையும் நறுக்கிப் போட்டிருக்கிறாள். கேக்குக்கும் சீஸுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அப்பாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றார். "பரவால்ல" என்றார். அப்பா பொய் சொல்லிப் பார்த்ததில்லை. இப்போது ஏன் சொல்கிறார்?

என்ன குறை என்று சொல்லு. எதற்கு அவளுக்கு என் கை தெரிய வேண்டும்?

ஆகஸ்ட் 14, செவ்வாய்

அவள் கிண்ணம் அலமாரியில் இருக்கிறது. அடியில் காயத்துக்கு ஒட்டும் பட்டையில் அவள் பேர். கழுவித் துடைத்து வைத்தாயிற்று, திருப்பிக் கொடுக்கத்தான் வழியில்லை. வந்த கிண்ணம் காலியாகப் போகக் கூடாது. அதில் எதை வைப்பது? என் சீஸை வைத்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிடுவாள். பிஸ்கட் வைத்தால் 'ஏன் சீஸ் இல்ல?' என்று கேட்பாள். எதை வைத்தாலும் அவள் வாசலில் நின்று பேச வேண்டும்.

ஒருவேளை அதற்காகத்தான் கிண்ணத்தில் கொண்டுவந்தாளோ? தட்டில் கொண்டுவந்திருக்கலாம். இலையளவு மெழுகுத்தாளில் கொண்டுவந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 15, புதன்

துணி உலர்த்தப் போகாமல் அவள் உள்ளே போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். போகவே இல்லை. துணி கூடையிலேயே நாறிவிட்டது.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து கோழியை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலில் பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மிஸ் ஐவா. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்பா யாருக்குத் தொப்பி கழற்றுவார்? பாஸ்டருக்கு, பிணத்துக்கு.

நான் வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்றது. நின்ற விதம்தான் பிடிக்கவில்லை, குழாயை மூடினமாதிரி.

"தக்காளி நல்லா காச்சிருக்கு" என்றாள் மிஸ் ஐவா, எங்கள் செடிகளைப் பார்த்து. இந்த வருஷம் எங்கள் தக்காளி முழுக்கப் புழு.

சாப்பிடும்போது அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி இருமினார். ஆக இரண்டையும் எடுக்கப் பார்க்கிறாளா? முதலில் சாண்ட்விச். அப்புறம் இந்த அடுப்பு, இந்த மேஜை, அப்பா. இரண்டு வீட்டு ஆளும் ஒரே வீட்டில் இருந்தால் ரூடிசிலுக்கும் கணக்கு சரியாகிவிடும். நான்தான் மிச்சம். மிச்சத்தை நூற்பு அறைக்கு அனுப்பலாம்.

ஆகஸ்ட் 23, வியாழன்

எழுதவே கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

நான் வெங்காயம் துருவிக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் நீர். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள்.

"அழாத கண்ணு, கிண்ணத்தைத் திருப்பிக் கேக்க வரல."

நாற்காலியை இழுத்து மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். என் கையையே பார்த்தாள். கம்பெனிக் கடையில் சக்கரம் போன்ற பெரிய கட்டியிலிருந்து வெட்டித் தருகிற அந்த மஞ்சள் சீஸைக் கிள்ளி மென்றாள். "இதைத்தான் நானும் வாங்கறேன்" என்றாள். மயோனைஸ் ஜாடியைத் திருப்பிப் பார்த்தாள். "இதையும்தான். அப்போ எங்கதான் வித்தியாசம்? உன் கை என்ன தங்கத்துலயா இருக்கு?"

நான் வெங்காயத்தைத் துருவிக்கொண்டே இருந்தேன்.

"சர்க்கர போட மாட்டியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"அடப் பாவமே. வெங்காயம் அந்தச் சாறு மட்டுமா, சக்கையுமா? மிளகாய்ப்பொடி எவ்வளவு? இந்த பிமென்டோவ ஜாடியிலேருந்து எடுத்து என்ன பண்ணுவ?"

அடுக்கடுக்காகக் கேள்வி. ஒருத்தி ருசிக்காக இப்படிக் கேட்பாளா? வேலைக்குத்தான் இப்படிக் கேட்பார்கள். எனக்குள் என்னவோ சூடாக ஏறியது. வாயைத் திறந்தேன். ஆச்சரியம், வார்த்தை வந்தது.

"ஜாடித் தண்ணியோட அப்படியே கொட்டணும்ங்கம்மா."

"தண்ணியோடவா? வடிக்க வேண்டாமா?"

"அதுலதான் ருசி."

இவ்வளவு நீளமாக நான் வெளி ஆளிடம் பேசி எத்தனை மாசம் ஆகிறது? பேசியதும் பொய். நான் தண்ணீரை வடித்து, மிளகாயைத் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு ஒற்றி எடுத்து, அதற்கப்புறம்தான் நறுக்குவேன். தண்ணீரோடு கொட்டினால் முதலில் நன்றாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் சீஸ் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்து ரொட்டி ஊறிவிடும்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இதை எந்தப் பொம்பளையும் சொல்ல மாட்டா. கேட்டா ஒரு சாமானை மறைச்சுட்டுத்தான் சொல்லுவாளுக. நீ நல்ல பொண்ணு" என்று என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

நான் ஒன்றும் மறைக்கவில்லையே. சேர்த்துத்தான் சொன்னேன்.

இது இன்னும் மோசமோ?

ஆகஸ்ட் 30, வியாழன்

அப்பா சாப்பிட்டுக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"இந்த ஷூ எவ்வளவு நடை தாங்கும்?"

"எதுக்குப்பா?"

"சும்மாத்தான்." அப்புறம் கொஞ்சம் கழித்து, "ஆளுங்க முன்னால நிக்க இன்னும் அவ்வளவு பயமா உனக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனேன். அதுவே பதில்.

எங்கே அனுப்பப் போகிறார்? காஃப்னியில் அத்தை வீட்டுக்கா? அங்கே ஒன்பது பேர், ஒரே குளியலறை. நடந்தா போக வேண்டும்? வேலியருகே தொப்பி கழற்றிப் பேசியது இதைத்தானா? அவள் உள்ளே வர வேண்டுமென்றால் நான் வெளியே போக வேண்டுமே.

என் நல்ல ஷூவை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. ஷூ இல்லாவிட்டால் அனுப்ப மாட்டார்களா என்ன, பைத்தியம்.

செப்டம்பர் 9, ஞாயிறு

சபை விருந்து. ஓக் மரத்தடியில் பலகைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள். அவரவர் பாத்திரத்தை வைத்துவிட்டு, யார் பாத்திரம் முதலில் காலியாகிறது என்று பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் பிமென்டோ சீஸை ஓரத்தில் வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே மிஸ் ஐவாவின் பெரிய பச்சைக் கிண்ணம். அதிலும் பிமென்டோ சீஸ்.

வெயில். பாஸ்டரின் ஜெபம் நீளம். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது பச்சைக் கிண்ணத்தில் ஆரஞ்சு நிறத் தண்ணீர் விளிம்புவரை வந்திருந்தது. யாரோ கரண்டியைச் செருகினார்கள், வழிந்துவிட்டது. துணியில் ஓடி, லெட்டி டோலிசன் கொண்டுவந்த முட்டைத் தட்டுக்குள் போனது.

"ஐவா, இதைத் தடவறதா, குடிக்கறதா?" என்றாள் லெட்டி.

"ஸ்ட்ரா கொண்டாங்கப்பா" என்றது ஒரு ஆண் குரல்.

"மலையில எல்லாம் சூப்பாத்தான் வைப்பாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் ஐவாவும் சிரித்தாள். "மலைக்காரி கைதானே, நீங்கதான் பொறுத்துக்கணும்" என்றாள். மடியிலிருந்த கைக்குட்டையால் துணியில் ஓடிய தண்ணீரைத் துடைத்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தாள். அப்போது தலையைத் தூக்கி மரத்தடியைப் பார்த்தாள். என்னைத்தான். கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சந்தேகம்கூட இல்லை அந்தக் கண்ணில். கேள்விதான் இருந்தது.

இவதான் சொன்னா, இந்தப் பொண்ணுதான் இப்படிச் செய்யச் சொன்னா. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

ரூடிசில் வந்து அந்தக் கிண்ணத்தில் பிஸ்கட்டைத் தோய்த்து வாயில் வைத்தார். மீதிப் பிஸ்கட்டைத் தட்டோரத்தில் வைத்தார். அப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எதற்கு அப்பாவைப் பார்க்கிறார்? அப்பாவுக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் என்ன?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா எனக்கு முன்னாலேயே நடந்தார். என் கிண்ணம் வழித்துத் தின்னப்பட்டிருந்தது. பாரம் இல்லாத அதைத்தான் தூக்க முடியவில்லை.

செப்டம்பர் 10, திங்கள்

ஷிஃப்டு முடிந்து வந்ததும் அப்பா உட்காரச் சொன்னார். இமையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே பேசினார்.

"நீயா யோசிச்சு யோசிச்சு எங்கெங்கயோ போறது தெரியுது. சொல்லிடறேன். ஹாய்ட்டுக்கு கால் போச்சு, இனிமே அவரால வண்டி தள்ள முடியாது. ரூடிசில் ஜூலையிலயே கூப்பிட்டுச் சொல்லிட்டான். வீட்டுல ஒக்காந்து சாண்ட்விச் போடறதெல்லாம் பதினாறு வயசோட சரியாம். அப்புறம் கேட்டுக்குள்ள வந்தாத்தான் ஆள். நூற்பு அறையில எடம் இருக்கு, அனுப்புன்னான். நான் தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். வேணாம், அந்த வண்டிய அவளுக்குக் குடுங்கன்னேன்."

"வண்டியா? நானா?"

"நீதான். வண்டின்னா ஒரு எடத்துல நிக்க வேண்டியதில்ல. ஒரு அறையில கொஞ்ச நேரம், அப்புறம் வெளிய வராந்தா, காத்து. எனக்குள்ள போன பஞ்சு உனக்குள்ள போக வேணாம்." இருமினார். "அவன் கேட்டான், அவ வண்டி தள்ளினா சாண்ட்விச் யாரு போடுவான்னு. ஐவா போடுவாங்கன்னேன். இதே மாதிரி வருமான்னான். ஆளுங்களுக்கு நாக்கு பழகிப்போச்சு, மாறினா எங்கிட்டதான் வருவாங்கன்னான். வரும்னேன். உங்கிட்டயிருந்து பதமா கேட்டுக்கங்கன்னு நான்தான் ஐவாவை அனுப்பினேன்."

நான் மேஜையைப் பார்த்தேன்.

"நேத்து அவன் தின்னு பார்த்தான். இதை வண்டியில ஏத்த முடியாது, பேசாம நூற்பு அறைக்கே அனுப்புன்னுட்டான்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவியா நீ? ஆளுங்களப் பாத்தாலே அலமாரிக்குப் பின்னால போற பொண்ணு. முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அப்பாவுக்குத் தெரியாது. நான் என்ன சொன்னேன் என்பதை மிஸ் ஐவா அவரிடம்கூடச் சொல்லவில்லை. "அந்தம்மா கையில என்ன கோளாறோ" என்கிறார்.

என் வாயாலேயே என் தலையில் போட்டுக்கொண்டேன். ஜாடித் தண்ணீர். அதுலதான் ருசி. ஐயோ.

செப்டம்பர் 11, செவ்வாய்

போகவில்லை. மிஸ் ஐவா வாசல்வரை போனேன், திரும்பிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், என்னையே கேட்டுக்கொள்கிறேன். வண்டி தள்ளுவது மட்டும் எனக்கு வேண்டுமா? மில் முழுக்க, அறை அறையாக, எல்லோர் முன்னாலும். அப்பா என்னைப் பஞ்சிலிருந்து இழுத்துக் கூட்டத்துக்குள் தள்ளுகிறார். இது காப்பாற்றுவதா? இல்லை, பேசாத பெண்ணைப் பேசவைக்க ஒரு தந்திரமா?

ஆனால் அவர் இருமல் எனக்குத் தெரியும். அதோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

செப்டம்பர் 12, புதன்

போனேன்.

நீலக் கிண்ணம் நிறைய என் சீஸை வைத்து, மேலே மெழுகுத்தாள் போட்டு எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். மிஸ் ஐவா படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தண்ணிய வடிச்சுடணும்ங்கம்மா" என்றேன். வழியெல்லாம் வேறு என்னவோ யோசித்துக்கொண்டு போனேன். அதுதான் வந்தது.

காயை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு தடவ செஞ்சு பார்த்தேன்" என்றாள். "மூணு தடவயும் ஓடுச்சு. என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன். சபை விருந்துக்கு ஃப்ரிட்ஜுல நல்லா இறுக்கிக் கொண்டுவந்தேன், வெயில் காட்டிக் குடுத்துடுச்சு. டூயி பாவம், வாரம் முழுக்க அதையேதான் தின்னான். கஞ்சி மாதிரி ஸ்பூன்ல." அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஏண்டி?"

"நீங்க என் வேலையப் பிடுங்க வந்தீங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்பாவையும்."

கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். உதட்டுக்குள்ளிருந்த பொடி தெறித்து அவரைக்காயில் விழுந்தது. "ஃபர்மனையா? அந்த இருமல் மெஷினையா? இதே இருமலோட இருந்த ஒரு புருஷனுக்கு ராவெல்லாம் முதுகு தடவிக் குழிக்கு அனுப்பிட்டு வந்திருக்கேன், இன்னொருத்தனையா தேடுவேன்?" சிரிப்பு அப்படியே நின்றது. அவள் புருஷனும் மில் ஆள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சிரிச்சுட்டேன்னு மறந்துட்டேன்னு நெனச்சுக்காத. அன்னிக்கு அத்தன பேரும் சிரிச்சது எனக்குக் காதுலயே இருக்கு. உள்ள வா. நீ செய், நான் பாக்கறேன். வாயால மட்டும் ஒண்ணும் சொல்லாத. உன் வாய நம்ப மாட்டேன்."

அதைவிட எனக்கு வசதியான தண்டனை எதுவும் இல்லை.

செய்தேன். சீஸைத் துருவியின் பெரிய கண்ணில் பாதி, சின்னக் கண்ணில் பாதி துருவினேன். சின்னது குழையும், பெரியது பல்லுக்குத் தட்டுப்படும். மிளகாயை வடித்து ஒற்றி, நகத்தளவு நறுக்கினேன். வெங்காயத்தில் சாறு மட்டும். மயோனைஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கரண்டியால் குழப்பாமல் முள்கரண்டியால் கிளறினேன். மிளகுப்பொடி, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். ஒவ்வொரு சாமானையும் நான் போடுமுன் அவள் வாங்கி முகர்ந்து, நாக்கில் வைத்து, அதற்கப்புறம்தான் விட்டாள். உப்பைக்கூட.

"வெஷம் இல்ல" என்றேன்.

"அது நான் சொல்லணும்."

அடுப்பில் ரொட்டியை லேசாக வாட்டி, தடவி, மேலே அவள் வீட்டுத் தக்காளியில் ஒரு வட்டம் வைத்துச் சாப்பிட்டோம். சூட்டில் ஓரம் மட்டும் இளகியது. நடுவில் குளிர்ச்சி. சாறு மணிக்கட்டுவரை வழிந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம், தொட்டியின்மேல் குனிந்து. அவள் இரண்டாவது ரொட்டியை வாட்டினாள்.

"கிண்ணத்துல இருக்கறது?" என்று கேட்டாள்.

"நல்லதுதான்."

"டூயிக்கு மொதல்ல குடுத்துப் பாக்கறேன்."

செப்டம்பர் 14, வெள்ளி

இன்று அவள் செய்தாள், எங்கள் வீட்டில். நான் நின்று பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியில் அவள் கை சர்க்கரை டப்பாவுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"துளியூண்டு?"

"வேண்டாம்ங்கம்மா."

"மனசாட்சி இல்லாத ஊரு" என்றாள்.

செப்டம்பர் 17, திங்கள்

அவள் செய்ததில் இரண்டு சாண்ட்விச் போட்டு அப்பா ரூடிசிலிடம் கொண்டுபோனார். நான் என்ன செய்தேன் என்பதை நேற்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "தண்ணியோடவா?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமலா சிரிப்பா தெரியவில்லை.

செப்டம்பர் 18, செவ்வாய்

ரூடிசில் இரண்டையும் தின்றாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். பிடிக்காவிட்டால் ஏன் இரண்டு? பிடித்திருந்தால் ஏன் சொல்லவில்லை?

செப்டம்பர் 21, வெள்ளி

இன்னும் ரூடிசிலிடமிருந்து பதில் இல்லை. நூற்பு அறையில் அந்த இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று டூயி சொன்னான். எனக்காக வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 26, புதன்

வண்டிதான். அக்டோபர் எட்டிலிருந்து. "மொதல் மாசம் பாக்கறேன், ஆளுங்க மொணங்கினா மாத்திடுவேன்" என்று ரூடிசில் சொன்னாராம்.

அப்பா என் தலையில் கை வைத்தார். மிஸ் ஐவா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எனக்கும் ஒரு கும்பிடு போடச் சொல்லு அவள" என்று கத்தினாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து நல்ல ஷூவை எடுத்துத் துடைத்தேன்.

அக்டோபர் 4, வியாழன்

ஹாய்ட் மாமா வண்டியைக் காட்டினார். இடது சக்கரம் இழுக்கும், ஐஸ் உருகினால் அடித்தட்டைத் திறந்துவிட வேண்டும், லிஃப்டில் ஏற்றும்போது பின்பக்கமாக ஏற்ற வேண்டும். எல்லாம் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதற்கே நேற்றெல்லாம் தைரியம் சேர்த்தேன்.

"மாமா, சத்தமா கூவி விக்கணுமா?"

என்னைப் பார்த்தார். சிரித்தார். "உள்ள போய்ப் பாரு" என்றார், அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிறார்.

அக்டோபர் 8, திங்கள்

போய் வந்தேன்.

விடியும்போதே மிஸ் ஐவா பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று பிரித்துப் பார்த்தேன். ரொட்டி உலர்ந்திருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நம்ப மாட்டியே" என்றாள். "நீங்க மட்டும்?" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள், வலித்தது.

சங்கு ஊதியதும் அப்பா பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பக்கம் போய்விட்டார், திரும்பிப் பார்க்காமல். வண்டியைத் தள்ளிக்கொண்டு தறி அறைக் கதவுமுன் நின்றேன். ஒருவர் கதவை இழுத்துத் திறந்தார்.

சத்தம். எப்படி எழுதுவது? காதில் கேட்கிற சத்தம் இல்லை அது. நெஞ்சில் மோதியது, பல்லில் மோதியது, வண்டியில் சோடா பாட்டில்கள் நடுங்கின. அவை ஒன்றோடொன்று மோதுவதுகூட எனக்குக் கேட்கவில்லை. பயத்தில் "அப்பா" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பவே இல்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்புறம் பார்த்தேன். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். உதடுதான் அசைகிறது. ஒருவரும் குரலை எதிர்பார்க்கவில்லை. தறிகளுக்கு நடுவில் ஒரு பெண் கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டி, வாயை அகலமாக வைத்து, 'சீஸ், ரெண்டு' என்றாள். புரிந்தது. கொடுத்தேன். அடுத்தவர். அடுத்தவர். முகத்தை அல்ல, எல்லோரும் என் உதட்டைத்தான் பார்த்தார்கள்.

ஒரு உயரமான ஆள் சாண்ட்விச்சைப் பிரித்து, மூடி, என் பக்கம் குனிந்தான். 'இதையும் குடிக்கணுமா?' சபை விருந்தில் ஸ்ட்ரா கேட்ட ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

"உன் வாய்க்குத் தண்ணியே அதிகம், இதையாவது மென்னு தின்னு" என்றேன். சத்தமாக, முழுக் குரலில், தொண்டை அதிரச் சொன்னேன். அவன் படித்துவிட்டான். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். சிரிப்பும் கேட்கவில்லை. அவன் திரும்பி அதை அடுத்தவருக்குச் சொன்னான். அது உதடு உதடாக அறையின் அந்தக் கோடிவரை போவதை நின்று பார்த்தேன்.

அதற்கப்புறம் நிறையப் பேசினேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை.

பெட்டி காலி. யாரும் முனகவில்லை. அல்லது முனகியிருந்தாலும் கேட்டிருக்காது, நான் பார்த்த உதடுகளில் முனகல் இல்லை.

ஷிஃப்டு விட்டு வெளியே வந்தால் காது விண்ணென்றது. கேட்டருகே ரூடிசில் நின்றிருந்தார். "என்ன நெல்டா, எப்படி இருந்தது?" என்றார். அமைதியில் அவர் குரல் தெளிவாக விழுந்தது. சுற்றிலும் எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.